கடைசி ஆளாக ஏறுவது

ஜெபமலர் அந்த விமானக் கம்பெனியிடம் கேட்டது இரண்டே விஷயங்கள். முதல் வரிசையில் ஜன்னலோரம் ஓர் இருக்கையும் அதை ஒட்டி இன்னொன்றும் வேண்டும். மற்ற எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, கடைசி ஆட்களாகத் தங்களை உள்ளே விட வேண்டும். பல வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றி, கணக்கில்லாமல் விமானம் ஏறி இறங்கிவிட்டுத் திரும்பியிருக்கும் எனக்கு இது ஒரு கோரிக்கையாகவே படவில்லை. முந்தியடிக்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நான் கடைசியாக வருகிறேன் என்று ஒருத்தி சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

கேரளத் தலைநகரத்தில், கரமனை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். கீழே ஜெபமலரும் அவள் மகள் நீதுவும். ஜெபமலருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பாறசாலைப் பக்கத்துக்காரி. கேரளத்துக்குள்ளே இருந்தாலும் வீட்டில் தமிழ், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் தமிழ். கல்யாணத்துக்கு முன்பு சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நின்றாள். நிற்பது என்றால் நிஜமாகவே காலையிலிருந்து இரவு வரை நிற்பது. அந்தக் கடையில் வேலைக்காரப் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. கணவன் பிரவின்ராஜ் ஏசி மெக்கானிக். நீது நடை பழகிய சமயத்தில் மஸ்கட் போனான். லீவில் வருவான், பிள்ளை அவனுக்குப் பழகி மடியில் வந்து உட்காரத் தொடங்கும்போது லீவு முடிந்துவிடும்.

நீதுவுக்கு இப்போது எட்டு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று, அந்த வார்த்தை விளங்காமலே தனக்கு ஒரு நிம்மதி வந்தது என்று ஜெபமலர் சொல்வாள். அதுவரைக்கும் பிள்ளையை அடக்கத் தெரியாத தாய் என்று சபையில் பேர். நீது பேசுகிற சொற்கள் குறைவு. புதுத் துணியை முகர்ந்து பார்த்த பிறகுதான் போட்டுக்கொள்வாள். மழை பெய்தால் ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் சந்தோஷமாக நிற்பாள். போனில் அப்பா முகம் வந்தால் திரையை முகர்ந்து பார்ப்பாள். அதில் அப்பாவின் மணம் கிடைக்காததால் போனைத் திருப்பி அம்மாவிடம் கொடுத்துவிடுவாள்.

இந்த வருடம் பிரவின்ராஜுக்கு சூப்பர்வைசர் பதவி வந்தது. அவன் கம்பெனி இரண்டு இடம் காட்டியது. ஒன்று மஸ்கட் நகரத்துக்குள், குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்கான வேலை, அதோடு அங்கே ரூவி பகுதியில் ஒரு சின்ன வீடு. இன்னொன்று உள்நாட்டில், எண்ணெய் வயல் முகாமில், தனியாள்களுக்கானது. அவன் வீட்டைக் கேட்டு வாங்கினான். மனைவிக்கும் மகளுக்கும் விசாவும் எடுத்தான். மழைக்காலம் முடிந்து வருகிற மாதத்தின் கடைசிக்குள் அவர்கள் அங்கே போய் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போகும், அவன் முகாமுக்குப் போவான், ஒப்பந்தம் முடியும்வரை வேறு பேச்சில்லை.

"அப்பான்னா போனுக்குள்ள இருக்க ஆளுன்னு இவ நினைச்சிரப்பிடாது, அவ்வளவுதான்," என்றாள் ஜெபமலர். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் பெரிதாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் வேலை.

வேலை பஸ்ஸில் நடந்தது. நீதுவால் தாங்க முடியாதது என்ன என்பதை ஜெபமலர் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில்தான் கண்டுபிடித்தாள். காலியான பஸ்ஸில் முதலில் ஏறி உட்கார்ந்தால், அதன் பிறகு ஏறுகிற ஒவ்வொருவரும் நீதுவை நோக்கி வருவார்கள், உரசிக்கொண்டு கடந்து போவார்கள், அடுத்தவர் வருவார். அவள் காதைப் பொத்துவாள், பிறகு முனகுவாள், பிறகு தலையைக் கொண்டுபோய் எதிலாவது இடிப்பாள். கூட்டம் அவளுக்குப் பிரச்சினை இல்லை. ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட கூட்டம் அவளுக்குச் சுவர் மாதிரி. நிறைந்த பஸ்ஸில் கடைசியாக ஏறி, கதவை ஒட்டிய இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வண்டியும் உடனே நகர்ந்துவிட்டால், விமான நிலையம் வரை கன்னத்தைக் கம்பியில் வைத்துக்கொண்டு வருவாள்.

இது கண்டக்டர் ஷீஜா இல்லாமல் நடந்திருக்காது. விமான நிலையப் பக்கம் போகும் நகரப் பேருந்தில் அவளுக்கு வேலை. முன்னிருக்கையில் தன் பையை வைத்து இரண்டு பேருக்கு இடம் பிடித்துக்கொண்டு, எல்லோரும் ஏறியதும் படியிலிருந்து கைகாட்டுவாள். நீது ஏறி உட்கார்ந்ததும் டபுள் பெல் அடிப்பாள். "மோளே, நீ கேறியாலே எனிக்கு பெல்லடிக்கான் பற்றூ," என்பாள். நீ ஏறினால்தான் நான் மணியடிக்க முடியும் என்று ஒரு கண்டக்டர் சொல்வதை நீது நம்பினாள். தான் உட்கார்வதும் பஸ் கிளம்புவதும் ஒரே விஷயம் என்று அவளுக்கு ஆகிவிட்டது. டிரைவர் மட்டும் ஒருநாள், மகாராணி வந்தாச்சா, வண்டியை எடுக்கலாமா என்று கேட்டாராம். இன்னும் முடி சீவவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று ஷீஜா பதில் சொன்னதில் பஸ் முழுவதும் சிரித்திருக்கிறது. நீதுவும் சிரித்தாளாம், எதற்கு என்று தெரியாமல்.

விமானத்தின் உட்பக்கம் எப்படியிருக்கும் என்று சொல்லித் தருவது என் பங்கு. ஜெபமலர் கேட்ட கேள்விகளை எந்த ஊரிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெல்ட்டைப் பூட்டினால் சத்தம் வருமா? மேலேயிருந்து வரும் காற்று முகத்தில் அடிக்குமா, அதை மூட வழியுண்டா? கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் மடங்கும்? உள்ளே தண்ணீர் எந்த மாதிரி சத்தத்தோடு போகும்? பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததை வைத்து அவள் ஹாலில் விமானம் செய்தோம். ஜன்னலோரம் இரண்டு நாற்காலி, பிரவின்ராஜின் பழைய பெல்ட், விமானத்தின் முன்தடுப்பாக எதிர்ச்சுவரில் ஒட்டிய துணி. நான் பணிப்பெண்ணாக வாசலில் நின்று கைகூப்ப வேண்டும்.

"பிள்ள ரெம்யா, கொஞ்சம் சிரிச்சுட்டு நில்லு. இந்த மூஞ்சியப் பாத்தா ஏறுனவனும் இறங்கிருவான்," என்றாள் ஜெபமலர்.

மழைக்காலம் முடிவதற்குள் நீது கடைசி ஆளாக வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, ஒரு முழுப் படம் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள் நாங்கள் சொல்லாமலே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து பெல்ட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். ஜெபமலர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

டிக்கெட் போட்டது தங்கையன். தம்பானூரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார், ஜெபமலரின் ஊர்க்காரர், சபையில் மூப்பர். பாறசாலையிலிருந்து வளைகுடாவுக்குப் போன பாதிப்பேர் அவர் கையால் போனவர்கள். ஜெபமலர் அவரிடம் நேரில் போய் உட்கார்ந்து, முதல் வரிசை, ஜன்னல், கடைசி ஆள் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுபடி போன் செய்தும் சொன்னாள். விமானக் கம்பெனியிடம் பேசியாகிவிட்டது, பிள்ளையை உள்ளே தாங்கிக் கொண்டுபோவார்கள், முதல் வரிசையே கிடைத்துவிட்டது என்று அவர் சொன்னார். அது பொய்யும் இல்லை.

பகல் விமானம். ஷீஜாவின் பஸ்ஸிலேயே போனோம், வேறு வண்டியென்றால் நீதுவுக்கு அது வேறு பயணம். டிக்கெட் இல்லாத எனக்கு உள்ளே அனுமதியில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, பையைப் பிடித்தபடி நீது உள்ளே நடந்து போவதைப் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகப் போகிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். விமானம் கிளம்புகிறவரை இருந்துவிட்டுப் போகலாமென்று தூணோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே நடந்ததையெல்லாம் ஜெபமலர் பின்னால் துண்டு துண்டாகச் சொன்னாள்.

பெட்டியைப் போடும் இடத்தில் ஓர் ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, நீது பிரவின்ராஜ் யார் என்று கேட்டிருக்கிறான்.

தங்கையன் அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள். ஆங்கிலமும் வராது, இந்தியும் வராது, எந்த வரிசையில் நிற்பது என்றும் தெரியாது. அவர்கள் எல்லோருக்கும் அவர் சக்கர நாற்காலி கேட்டுவிடுவார். ஊரில் வாழைக்குலை சுமந்து நடக்கிறவர்களும் விமான நிலையத்தில் நாற்காலியில் ஏறிக்கொள்வார்கள். தள்ளுகிற பையன் வழி காட்டுவான், வரிசையில் நிற்க வேண்டாம், முதல் ஆளாக ஏற்றி முன்பக்கம் உட்காரவைத்துவிட்டுப் போவான். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த உபாயம், இதில் யாருக்கும் நஷ்டமில்லை. உதவி வேண்டும் என்று கம்ப்யூட்டரில் சொல்லத் தங்கையனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நீதுவுக்கும் அதையே போட்டார். முதல் வரிசை கிடைத்ததும் அதனால்தான்.

நீது அந்த நாற்காலியின் முதுகை முகர்ந்து பார்த்தாள், உட்கார மறுத்தாள். தள்ளுகிறவன் நல்லவன். பரவாயில்லை என்று அவர்கள் பையை அதில் வைத்து, காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். பாஸ்போர்ட் வரிசை, சோதனை வரிசை எல்லாவற்றையும் ஓரமாகவே தாண்டினார்கள். அதுவரை தங்கையனை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டுதான் நடந்தேன் என்றாள் ஜெபமலர்.

ஏறும் வாசலில் அனுஷா என்று சட்டையில் பெயர் குத்திய பெண் இருந்தாள். சின்ன வயது. சக்கர நாற்காலிக்காரர்களை முதலில் ஏற்றப் போகிறோம், தயாராகுங்கள் என்றாள். ஜெபமலர் தங்களுக்குச் சொல்லியிருப்பது கடைசியாக என்றாள். அனுஷா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதில் அப்படி ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலி என்று இருந்தது, அது முதலில் போக வேண்டியது. இடைவழி நிறைந்த பிறகு அப்படிப்பட்டவர்களை ஏற்ற முடியாது, விமானத்துக்குள் இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளை நடக்கும், நாற்காலியே வேண்டாம் என்றாள் ஜெபமலர். அனுஷா வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினாள், யாரோ அவளிடம் பேசினார்கள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சேச்சி, வீல்சேர் வேண்டாம்னா நான் எடுத்திடறேன், கடைசியா ஏறிக்கலாம். ஆனா அந்த முன் சீட்டு வீல்சேருக்கு உள்ளது. அதும் போகும்."

மீதமிருந்தது இருபத்தேழாம் வரிசையில் ஒரு நடு இருக்கை, அதற்கும் பின்னால் வேறொரு நடு இருக்கை. இடம் மாறிக்கொள்ளச் சொல்லி உள்ளே யாரையாவது கேட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. நீது கடைசியாக ஏறலாம், ஆனால் அத்தனை பேருக்கு நடுவே விமானத்தின் வால்வரை நடந்துபோய், தெரியாத இரண்டு பேருக்கு இடையில், அம்மா இல்லாமல் உட்கார வேண்டும். அல்லது அம்மா பக்கத்தில், ஜன்னலோரம், முதல் வரிசையில் உட்காரலாம், ஆனால் விமானம் முழுவதும் அவளைக் கடந்து போகும். ஜெபமலர் மாதக்கணக்கில் சேர்த்து வைத்த ஒன்றை இரண்டாக வெட்டி, எந்தப் பாதி வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்கிறவளும் கண்கலங்கித்தான் நிற்கிறாள். பின்னால் வரிசை சேர்கிறது. நீது பெரிய கண்ணாடியில் கன்னத்தை வைத்து விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜெபமலர் முன்னிருக்கையை எடுத்தாள்.

"வாசலுக்குப் பக்கத்துல இருந்தா, ஒண்ணு ஆச்சுன்னா வெளிய கொண்டுவரவாவது செய்யலாம்னு நினைச்சேன்," என்றாள் என்னிடம். "பாரு ரெம்யா, நான் எடுத்தது இறங்குற வழியாக்கும்."

காலியான விமானத்துக்குள் நீது ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தாள். இருக்கைத் துணியை முகர்ந்தாள், உட்கார்ந்தாள், பெல்ட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். கன்னத்தை ஜன்னலில் வைத்தாள். அவளைப் பொறுத்தவரை இப்போது வண்டி கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

ஜெபமலர் இருக்கையிலேயே திரும்பி உட்கார்ந்து, துப்பட்டாவை விரித்துப் பிடித்து, தன் உடம்பையே திரையாக வைத்தாள். நீது முனகத் தொடங்கினாள், ஆனால் தாங்கினாள். ஜெபமலர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், பிள்ளை தாங்கினாள், பாதிப்பேருக்கு மேல் போய்விட்டார்கள், அவள் தாங்கிக்கொண்டுதான் இருந்தாள். அப்போது வரிசை கொஞ்சம் நின்றது. நரைத்த தலையோடு ஓர் அம்மாள், மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவளாக இருக்கும், நீது முனகுவதைக் கேட்டு இரக்கப்பட்டாள். முதல் விமானமா, பயப்பட வேண்டாம் மோளே என்று சொல்லி, ஜெபமலரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி நீதுவின் கன்னத்தைத் தடவினாள்.

அதன் பிறகு நடந்ததை ஜெபமலர் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஜன்னலில் தலை இடித்த சத்தத்தைச் சொன்னாள். தன் மணிக்கட்டில் நீதுவின் பல் பதிந்த இடத்தைக் காட்டினாள். பயணிகளில் ஒரு டாக்டர் எழுந்து வந்தார், ஒரு பையன் தன் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தான், அந்த நரைத்த அம்மாள் நின்ற இடத்திலேயே அழுதாள். கேப்டன் வெளியே வந்து முழங்கால் மடித்து உட்கார்ந்து, ஜெபமலரின் கண்மட்டத்துக்கு வந்து பேசினார். மேலே போன பிறகு இப்படி ஆனால் பிள்ளைக்குத்தான் ஆபத்து, என்னால் பொறுப்பேற்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். கதவு மூடி வண்டி நகர்ந்தால் சரியாகிவிடுவாள் என்று ஜெபமலர் அவரிடம் சொன்னாள். மூடுங்கள், நகருங்கள், பாருங்கள் என்றாள். அவர் அதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல, கேட்டியா? எவனாவது ஒருத்தன் ஏசியிருந்தா நான் அவன்கிட்ட சண்ட போட்டுட்டு அங்கயே இருந்திருப்பேன். எல்லாரும் நல்லவங்க. நான் யாருகிட்ட சண்ட போடுவேன்?"

அவர்கள் வெளியே வந்தபோது நான் இன்னும் அந்தப் பெஞ்சில்தான் இருந்தேன். விமானத்தில் வந்திறங்குகிறவர்கள் வெளியேறும் பக்கமாக வந்ததால் முதலில் கவனிக்கவில்லை. பெட்டிகளை இறக்கித் தர நேரமாகியிருக்கிறது. நீதுவின் நெற்றி வீங்கியிருந்தது. அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து நடந்தாள். ஜெபமலர் போனில் இருந்தாள். மறுமுனையில் பிரவின்ராஜ் விமானம் கிளம்பிவிட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். "ஏறல்ல," என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஆமா, ரெண்டு பேரும் சுகம்," என்றாள். ஆட்டோ பிடித்தோம்.

மறுநாள் தங்கையன் வந்தார். ஜெபமலர் காப்பி கொடுத்தாள். நல்லதுக்குத்தானே போட்டேன் மக்களே, எனக்க அம்மைக்கும் அதானே போட்டேன் என்றார். இன்னொரு டிக்கெட் தானே பார்த்துத் தருவதாகவும், இந்த முறை நாற்காலி கிடையாதென்றும், கம்பெனிக்காரர்களிடம் நேரில் போய் நிற்பதாகவும் சொன்னார். சொன்னபடி போய் நின்றார். ஆனால் இப்போது கம்ப்யூட்டரில் நீதுவின் பெயரைத் தட்டினால் அன்றைய சம்பவம் வருகிறது. இனி எந்த இருக்கை, எப்போது ஏறுவது என்ற பேச்சுக்கு முன்னால், பிள்ளை தனக்கும் மற்றவர்களுக்கும் தொந்தரவில்லாமல் பயணம் செய்வாள் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் நேர்மையானவர். கடைசி ஆளாக ஏற்றினால் பயணம் செய்வாள் என்று எழுதட்டுமா என்று கேட்டார். நிபந்தனை போட்டால் கம்பெனி ஏற்காது, தங்கையன் விசாரித்துவிட்டார். நிபந்தனை இல்லாமல் எழுத டாக்டரால் முடியவில்லை. மருந்து கொடுத்துக் கொண்டுபோகலாம், ஆனால் முதலில் வீட்டில் கொடுத்துப் பாருங்கள் என்றார். கொடுத்துப் பார்த்தோம். தூங்க வேண்டிய பிள்ளை பகல் முழுக்கச் சுவரோரமாக ஓடிக்கொண்டே இருந்தாள், முகம் மட்டும் தூங்கினது போல இருந்தது. ஜெபமலர் மீதி மருந்தைக் குப்பையில் போட்டாள்.

இதையெல்லாம்விட மோசமானது பஸ்ஸில் நடந்தது. மறுபடி பழக்கலாம் என்று கிழக்கேகோட்டைக்குக் கூட்டிப்போனோம். எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஷீஜா படியில் நின்று கைகாட்டினாள். நீது தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷீஜா இறங்கி வந்து குனிந்து நின்று, தொடாமல், அந்த மணியடிக்கிற பேச்சை இரண்டு தரம் சொன்னாள். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. நீது காதைப் பொத்திக்கொண்டாள். பொய் சொன்னவர்களைப் பார்ப்பது போல அவள் எங்களைப் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. அப்படியெல்லாம் இல்லை, அவளுக்கு வெயில் என்றாள் ஜெபமலர். கடைசியில் பஸ் போயிற்று. கரமனை வரை நடந்தே வந்தோம். அதற்குப் பிறகு நீதுவை எந்த வண்டியிலும் ஏற்ற முடியவில்லை. பள்ளிக்கும் நடை, டாக்டரிடமும் நடை. டாக்டர் வீடு தூரம் என்பதால் அங்கே போவது குறைந்துவிட்டது.

நான் வேறு வழிகளைத் தேடினேன். இரவும் பகலும் போனில் துழாவிக்கொண்டிருந்தேன். கப்பல் உண்டா, வேறு ஊரிலிருந்து சின்ன விமானம் உண்டா, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கும் கம்பெனி எது என்று. மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கி ஒவ்வொன்றையும் சொல்வேன். ஜெபமலர் எல்லாவற்றையும் கேட்பாள். ஒருநாள், வேறு ஊருக்கு எதில் ஏற்றிக் கொண்டுபோவாய் என்று மட்டும் கேட்டாள். அதோடு நான் தேடுவதை விட்டேன்.

கெடு வைத்த மாதம் முடிந்தது. பிரவின்ராஜ் ஒரு மாலை ரூவி வீட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். நான் எழுந்து போகப் பார்த்தேன், ஜெபமலர் உட்காரச் சொன்னாள். அவன் மெலிந்திருந்தான். மறுநாள் காலையில் சாவியைக் கொடுக்க வேண்டும், கம்பெனி வண்டி முகாமுக்குக் கூட்டிப்போகும். வீட்டை நாங்கள் பார்த்ததில்லை என்பதால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிக் காட்டினான். சமையலறையில் இரண்டு பாத்திரம், ஒரு குக்கர். குளியலறைக் கதவு. படுக்கையறையில் பெரிய கட்டில், ஜன்னலை ஒட்டி ஒரு சின்னக் கட்டில். சாமான்களையெல்லாம் கூட வேலை செய்கிற சிபி எடுத்துக்கொள்கிறான் என்றான். இந்த வீடு அவனுக்குத்தான் போகிறது. அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

"சின்னக் கட்டில நான் முகாமுக்கு எடுத்துட்டுப் போகட்டா, இல்ல குடுத்திரட்டா?" என்று கேட்டான்.

நீது சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஜெபமலர் போனை அவள் பக்கம் திருப்பினாள். நீது பார்க்கவில்லை, முகரவும் இல்லை. ஜெபமலர் போனைத் திருப்பிக்கொண்டாள்.

"அங்க ஒரு ஆளுக்குத்தானே இடம். குடுத்திருங்க," என்றாள். பிறகு, மெத்தையில் பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். பிரிக்கவில்லை என்றான்.

"பிரிச்சுட்டுக் குடுங்க. சூட்டுல ஒட்டும், பிள்ளையளுக்கு உறக்கம் வராது."

அவன் போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, உறையைக் கிழிக்கத் தொடங்கினான். அது லேசில் கிழியவில்லை. எங்களுக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. கிழித்து முடிக்கும்வரை ஜெபமலர் பார்த்துக்கொண்டே இருந்தாள்.